"15 ஹெச்பி வரை": குர்லா சைலன்சர் பெட்டிக்கு ஒரு விருத்தியுரை

இக்கட்டுரை என் நுதலிற்றோ எனின், மும்பை குர்லா மேற்கில் சி.எஸ்.டி. ரோட்டு உதிரிபாகக் கடைகளில் விற்கும் கார் சைலன்சரின் பெட்டி வாசகத்தை ஆராய்தல் நுதலிற்று. களம் குர்லா ஆனது ஏன் எனின், பிரீமியர் பத்மினி கார் பிறந்த மண் அது. ஆலை இருந்த இடத்தில் கோஹினூர் சிட்டி எழுந்துவிட்டது. கடைசி பத்மினி டாக்சியும் 2023 அக்டோபரோடு ஓய்ந்துவிட்டது. சான்று அழிந்த இடத்தில்தான் ஆராய்ச்சி செழிக்கும் என்பது நம் பல்கலைக்கழகங்கள் கண்ட உண்மை.

மூலபாடம், மாடிவீட்டுத் தம்பியின் ஸ்விஃப்டுக்காகக் கபாடியா நகர்க் கடையொன்றுக்குப் போனபோது கிடைத்தது: "15 ஹெச்பி வரை கூடும். மைலேஜ் கூடும். ரேஸ் சவுண்ட்." பாதி இந்தியும் பாதி தமிழுமாகக் கடைக்காரர் தந்த வாய்மொழி உரை: "ஆவாஜ் கேளு அண்ணா, வண்டி பறக்கும்." (காண்க: பெட்டி, மேல்மூடி.)

முதற்கண் 'சைலன்சர்' என்ற சொல். சத்தம் கூட்டுவதற்கென்றே காசு கொடுத்து வாங்கும் பொருளுக்கு ஓசையடக்கி என்று பெயர். இது பொற்கொல்லர் பொன்னைப் 'பறி' என்பதுபோல் குழூஉக்குறியா, சுடுகாட்டை நன்காடு என்பதுபோல் மங்கலமா? இரண்டுக்கும் இடமுண்டு என்று சொல்லிவிட்டு அடுத்த இயலுக்கு நகர்பவருக்கே முனைவர் பட்டம்.

'ரேஸ் சவுண்ட்': செப்பல், அகவல், துள்ளல், தூங்கல் என ஓசை நான்கு. சயான் சிக்னலில் நிற்கையில் தூங்கல்; பச்சை விழுந்ததும் துள்ளல்; ஹவால்தாரைக் கண்டால் நான்கும் இல்லை. 10 டெசிபல் ஏறினால் ஏறக்குறைய இருமடங்காகக் கேட்கும். வண்டியும் இருமடங்கு வேகம் என்று காது மூளைக்குப் புறங்கூறும். காதைப் பிளக்கும் அந்த ஓசை முழுவதையும் வடிகட்டிச் சேர்த்தாலும் சில வாட் தேறுவதே அரிது. ஒரு பழைய ஜீரோ வாட் பல்புக்குக் காணாது. ஒரு குதிரைத்திறனுக்கோ 746 வாட் வேண்டும். (காண்க: பெட்டி, உள்மூடி, கிரீஸ் கறைக்குக் கிழக்கே, கறையைப் புள்ளியாகக் கொண்டு '1.5 ஹெச்பி' என்று பாடங்கொள்வாரும் உளர்.)

'மைலேஜ்': மிதிக்காமல் ஓட்டினால் கூடும். அதற்குச் சைலன்சர் வேண்டாம்.

இனி, 'வரை'. இந்த இரண்டெழுத்தில்தான் வியாபாரமே இருக்கிறது. இதற்கு உரைகாரர் நான்கு கட்சியாகப் பிரிவர். (எவர் எனின், யானே, நான்கு பெயரில் எழுதி ஒருவரையொருவர் மேற்கோள் காட்டச் செய்துள்ளேன். துறையில் இதுவே வழக்கம்.)

எல்லைக் கட்சியார்: வரை என்றால் எல்லை. பதினைந்தைத் தாண்டாது என்பதே வாக்குறுதி. சுழியமும் அதற்குள் அடக்கம். டர்போ இல்லாத 1.2 லிட்டர் எஞ்சினில் பின் மஃப்ளரை மட்டும் மாற்றினால் வருவது ஒன்றிரண்டு ஹெச்பி. அதுவும் திறன் அளக்கும் டைனோ எந்திரத்தின் பிழைக்குள் ஒளிந்துகொள்ளும்.

மலைக் கட்சியார்: வரை என்றால் மலை. டைனோ வரைபடத்தின் உச்சியைக் கொடிநாட்டிக் காட்டுவது விளம்பரம். உச்சி இருப்பது ஆறாயிரம் ஆர்பிஎம் பக்கம், எல்.பி.எஸ். மார்க்கில் இரண்டாயிரத்தைக் கண்டவர் அதிர்ஷ்டசாலி.

மூங்கில் கட்சியார்: வரை என்றால் மூங்கிலும் ஆகும், ஆகவே குழாய். புகை ஒரே சீராக வராது, துடிப்புத் துடிப்பாக வரும். வேகமாக ஓடும் ஒரு துடிப்பு பின்வருவதை இழுத்துச் செல்லும். குழாயை வேண்டாத அளவுக்கு அகலமாக்கினால் அந்த வேகம் தளரும். தாழ்ந்த ஆர்பிஎம்மில் பிக்கப் போகும். இதைத்தான் கடைகளில் "எஞ்சினுக்கு பேக் பிரஷர் வேணும்" என்று தலைகீழாக மனப்பாடம் செய்திருக்கிறார்கள்.

மணக் கட்சியாரே எனக்கு உடன்பாடு. வரைதல் என்றால் மணத்தல். சைலன்சர் தனியாக வந்தால் அது களவு. ஹெடரும் இசியு ரீமேப்பும் சேர்ந்தால்தான் வரைவு. பெட்டியில் போட்ட பதினைந்து, கல்யாணம் முடிந்தபின் வரும் கணக்கு. சீர்வரிசை பெண்வீட்டார், அதாவது வண்டிக்காரர், பொறுப்பு. (காண்க: இக்கட்டுரையாளரின் 'வரையும் வரையறையும்', எழுதப்படாத மூன்றாம் தொகுதி, டீ சிந்திய பிரதி மட்டும், அதை மறுத்து இவரே எழுதிய கடிதம், தபாலில் சேர்க்கப்படாதது, மறுப்புக்கு மறுப்பு, பெஸ்ட் பஸ் டிக்கெட்டின் பின்புறம், ஓட்டை விழுந்த இடம் நீங்கலாக.)

புறச்சான்று ஒன்று. குதிரைத்திறன் என்ற அளவே ஜேம்ஸ் வாட் தன் நீராவி எஞ்சினை விற்பதற்காகப் பரப்பியது. உண்மைக் குதிரை சில நொடிகளுக்கு ஏறக்குறைய 15 குதிரைத்திறன் காட்டும். ஆகவே பெட்டி சொல்வது, மிரண்டோடும் ஒற்றைக் குதிரை. விக்டோரியா குதிரைவண்டிகளுக்கு 2015இல் பம்பாய் உயர்நீதிமன்றம் தடைபோட்டுவிட்டதால் களஆய்வு கைவிடப்பட்டது.

"அதே டைனோ, அதே நாள், அதே பெட்ரோல், மாட்டுமுன் ஒன்று மாட்டியபின் ஒன்று, சக்கரத்தில் அளந்ததா, எஞ்சினில் அளந்ததா?" என்று கேட்டேன். கடைக்காரர் போனில் ஒரு வரைபடம் காட்டினார். கார் வேறு, டர்போ. கீழே ஆர்பிஎம் எண்களே இல்லை.

"நீங்க எழுதறது எங்க வரும் அண்ணா?"

"ஆய்விதழில். பணம் கட்டினால் மூன்றே நாள். சான்றிதழும் உண்டு."

"நம்ம பெட்டி அடிக்கிறவரும் அப்படித்தான்" என்று சிரித்துவிட்டு ஸ்பானரை எடுத்தார்.

தம்பி மாட்டிக்கொண்டான். மூன்றாம் நாள் சிக்னலில் மாட்டினான். மோட்டார் வாகனச் சட்டம் 190(2), 2019 திருத்தத்தின்படி முதல் குற்றத்துக்கு அபராதம் 10,000 ரூபாய் வரை. வரை என்றால் சுழியமும் அடக்கம் என்று என் ஆய்வை மேற்கோள் காட்டித் தம்பி வாதாடியிருக்கிறான். ஹவால்தார் மலைக் கட்சி.