சங்கிலி வாள் வாங்கிய சரித்திரம்

எல்வெரும், நோர்வே
கார்த்திகை மாதம்

பேரன்பும் பெருமதிப்பும் உடைய பெரியப்பா அவர்களுக்கு,

சென்ற கடிதத்தின் அடியில், வாள் ஒன்று வாங்கியிருக்கிறேன், விவரம் பின்னர் என்று ஒற்றை வரியில் எழுதி நிறுத்தியது எவ்வளவு பெரிய அபராதம் என்பது தங்கள் பதிலைப் படித்த பிறகுதான் எனக்கு விளங்கியது. ஊர்ப் பத்திரிகைகளில் வாள்வெட்டுச் செய்திகளை வாசித்து வாசித்து மனம் நொந்திருக்கும் பெரியம்மா, கண்காணாத தேசத்துக்குப் போன பிள்ளையும் அந்தக் கூட்டத்தில் சேர்ந்துவிட்டானே என்று பதறி, வல்லிபுர ஆழ்வாருக்கு நேர்த்தி வைத்துவிட்டார் என்று அறிந்து, சிரிப்பதா வெட்கப்படுவதா என்று தெரியாமல் சற்று நேரம் விழித்தேன். நான் வாங்கியது மரம் அரிகிற வாள். அதிலும் பெற்றோலில் ஓடுகிற வாள். பற்களெல்லாம் ஒரு சங்கிலியில் கோத்திருப்பதால் சங்கிலி வாள் என்று சொல்லலாம். ஆனால் அப்படிச் சொன்னால், நல்லூர் முத்திரைச் சந்தியில் குதிரைமேல் வாளேந்தி நிற்கிற சங்கிலி மன்னனுடைய ஆயுதத்தையே நான் அபகரித்துவிட்டதாக வேறொரு வதந்தி கிளம்பக்கூடும். ஆகையால் அந்தப் பெயரைத் தாங்கள் வீட்டுக்குள்ளேயே வைத்துக்கொள்வது உத்தமம்.

விறகுக்கு இவ்வளவு பிரயத்தனமா என்று தாங்கள் கேட்பது நியாயம். கொக்காரையும் பன்னாடையும் பனைமட்டையும் வளவுக்குள்ளேயே விழுந்து கிடக்க, கலியாணம் அந்தியேட்டி என்று வந்தால் மாத்திரம் விறகுகாலைக்குப் போய் அந்தர்க் கணக்கில் வாங்கிப் பழகிய நமக்கு, விறகு என்பது சமையலுக்கான வஸ்து. இங்கே அது உயிர் உடம்பில் தங்குவதற்கான வஸ்து. எல்வெரும் என்கிற இவ்வூர், கடற்காற்று எட்டாத உள்நாட்டில், குளோமா நதிக்கரையில், காட்டுக்கு நடுவே இருக்கிறது. தை மாதத்தில் வெப்பமானி பூச்சியத்துக்குக் கீழே 25 பாகைவரை இறங்குவதை ஒருவரும் செய்தியாகப் பேசுவதில்லை. 1985 வரையில் இந்த நதியில் மரக்குற்றிகளை மிதக்கவிட்டே ஆலைகளுக்கு அனுப்பியிருக்கிறார்கள். காட்டுத் தொழிலுக்கென்றே ஒரு நூதனசாலையும் இங்கே உண்டு. ஆனாலும் வீடுகளை மின்சாரத்தால் சூடாக்குவதே இந்நாட்டு வழக்கமாகிவிட்டபடியால், 2021ஆம் ஆண்டின் இறுதியில் தென்பாகத்து மின்கட்டணம் பனையளவு உயர்ந்தபோதுதான், மூலையில் பூச்சாடி தாங்கிக்கொண்டு நின்ற இரும்பு அடுப்பின் அருமை எங்கள் வீட்டாருக்குப் புலப்பட்டது.

இவர்களுக்கு விறகில் உள்ள பக்தியைப் பற்றித் தனியே ஒரு கடிதம் எழுதலாம். லார்ஸ் மித்திங் என்ற எழுத்தாளர் விறகு வெட்டுவது, பிளப்பது, அடுக்குவது, எரிப்பது என்பவை குறித்தே 2011இல் ஒரு முழுப் புத்தகம் எழுத, அது ஆயிரக்கணக்கில் விற்றது. அதன் தூண்டுதலால் 2013 பெப்ரவரியில் அரசாங்கத் தொலைக்காட்சி ஓர் இரவு முழுவதும், 12 மணி நேரம், விறகைப் பற்றியே பேசி, பெரும்பகுதி நேரம் ஓர் அடுப்பு எரிவதை மாத்திரம் காட்டிக்கொண்டிருந்தது. பார்த்தவர்களில் ஒரு சாரார் கட்டைகளின் பட்டை மேல்நோக்கி இருப்பது தவறு என்றும், மற்றொரு சாரார் கீழ்நோக்கி இருப்பது தவறு என்றும் முறைப்பாடு செய்தார்களாம். வடகலை தென்கலை வழக்கு வைஷ்ணவர்களுக்கே உரியது என்று எண்ணியிருந்தேன்.

சாக்கில் கட்டிய விறகைக் கடையில் வாங்குவது சுலபம். ஆனால் கைப்பொருளைக் கரைக்கும். காட்டுச் சொந்தக்காரர் ஒருவர், தம் காணியில் நெருக்கமாய் வளர்ந்துவிட்ட பேர்ச் மரங்களில் தாம் குறியிட்டவற்றை வெட்டிக்கொள்ள, சொற்ப விலைக்கு அனுமதி தந்தார். எஞ்சியது வாள். அதற்குத் தங்கள் மருமகள் அங்கீகரித்த தொகை 4000 குரோனர். ஒரு சதமும் மேலே இல்லை.

தை மாதம் தொடங்கிய என் ஆராய்ச்சி ஆடிவரையில் நீண்டது. பாடத்தை விட்டுப் பாயிரத்தில் மோகம் கொள்கிறவன் என்று தாங்கள் என்னை வகுப்பில் கண்டித்தது பொய்யாகவில்லை. எந்த வாள் நல்லது என்று பார்க்கப் புகுந்து, சுவீடனின் ஹுஸ்க்வார்ணா 1689இல் அரசனுக்குத் துப்பாக்கி செய்யத் தொடங்கி, தையல் இயந்திரமும் மோட்டார் சைக்கிளும் செய்து, 1959இல்தான் மரம் அரியும் வாளுக்கு வந்து சேர்ந்ததையும், ஜெர்மனியின் ஸ்டீல் 1926இல் இருவர் சேர்ந்து தூக்கவேண்டிய மின்சார வாளோடு ஆரம்பித்ததையும் அறிந்து மகிழ்ந்தேனேயன்றி, வாள் வாங்கவில்லை. வயர் பூட்டிய மின்சார வாள் மலிவு. ஆனால் வயர் போகிற தூரம்தான் அதன் ராச்சியம், காட்டில் அதற்குச் செருகிடம் ஏது? பற்றரி வாள் சத்தமும் புகையும் இல்லாத சாது. அதன் பற்றரியின் விலையோ வாளின் விலையோடு போட்டியிடும், கடுங்குளிரில் வலுவும் குறைந்துவிடும். பெற்றோல் வாள்களில் 30 கன சென்ரிமீற்றர் எஞ்சின் உடையவை கிளை கழிப்பதற்குப் போதும். 50க்கு மேற்பட்டவை காட்டிலே பிழைப்பு நடத்துகிறவர்களுக்கு. இவற்றுக்கிடையே, அலகின் நீளம் கூடக்கூட வீரமும் கூடும் என்கிற மயக்கத்தில், 20 அங்குல அலகையே நான் ஆசையோடு பார்த்துக்கொண்டிருந்தேன். பல்பொருள் அங்காடி ஒன்றில், பெயர் கேள்விப்படாத புத்தம்புது வாள் ஒன்று என் பணத்தில் அரைவாசிக்கே கிடைக்கும்போல் இருந்தது.

அந்த வேளையில்தான் அயல்வீட்டு முதியவரிடம் போனேன். நாற்பது வருஷம் காட்டு வேலை செய்தவர். வார்த்தையைச் சல்லிக்காசு போல் எண்ணிச் செலவழிக்கிறவர். நான் கொண்டுபோன விளம்பரத் தாள்களைத் திரும்பியும் பாராமல், இரண்டே கேள்விகள் கேட்டார்: மரம் எவ்வளவு தடிப்பு? பழுதானால் யார் திருத்துவது? ஓரடிக்கு உட்பட்ட தடிப்பு என்றதும், அப்படியானால் 13 அங்குல அலகு போதும், 15 என்றால் தாராளம், அதற்குமேல் நீண்டால் சிறிய எஞ்சின் திணறும் என்றார். இரண்டாவது கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை; அங்காடி வாளின் கதை அத்துடன் முடிந்தது. பிறகு, முதலில் காற்சட்டை வாங்கு, மிஞ்சுகிற காசுக்கு வாள் வாங்கு என்று சொல்லிவிட்டுக் காப்பி குடிக்கப் போய்விட்டார்.

காற்சட்டை என்று அவர் சொன்னது சாமானியமானதல்ல. அதன் உள்ளே நீண்ட நார்கள் பல அடுக்காய் இருக்கின்றன. வினாடிக்குச் சுமார் 20 மீற்றர் ஓடுகிற சங்கிலி தொடையில் பட்டுவிட்டால், அந்த நார்கள் இழுபட்டு, சங்கிலியைச் சுழற்றுகிற பற்சக்கரத்தில் சிக்கி, கண் இமைக்குமுன் அதை நிறுத்திவிடும். இதோடு காது மூடியும் முகத்து வலையும் பொருத்திய தலைக்கவசம், சப்பாத்து, கையுறை. சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, வெறுங்காலோடு, கோடாலியும் கையுமாய் வந்து, ஒரு காலைப் பொழுதில் நம் வளவுப் புளியைச் சாய்த்துவிட்டுப் பழஞ்சோறு கேட்ட மனிதரை நினைத்துக்கொண்டு, கண்ணாடிமுன் நின்று பார்த்தேன். சின்னவள் பயந்து அழுதாள். செலவு 2300 குரோனர்.

மிஞ்சிய 1700க்குப் புது வாள் கனவு. ஆகவே முதியவரையே அழைத்துக்கொண்டு, ஒரு கமக்காரர் விற்கவிருந்த பழைய வாளைப் பார்க்கப் போனேன். சந்தையில் மாட்டின் பல்லைப் பிடித்துப் பார்க்கிறவர்களைத் தாங்கள் கண்டிருப்பீர்கள். இவர் எஞ்சினை இயக்காமலே, அதைக் கிளப்புகிற கயிற்றின் கைப்பிடியைப் பிடித்து வாளை அந்தரத்தில் தொங்கவிட்டார். அது தொப்பென்று விழாமல், மனமில்லாதது போல், தயங்கித் தயங்கிக் கீழே இறங்கியது. உள்ளே அமுக்கம் நன்றாய் இருப்பதற்கு அதுவே சாட்சியாம். பிறகு புகைபோக்கியின் ஆணிகளைக் கழற்றி, துவாரத்தின் வழியே பிஸ்டனைப் பார்த்தார். நெடுக்காகக் கீறல்கள் இருந்தால், 50 பங்கு பெற்றோலுக்கு ஒரு பங்கு எண்ணெய் கலக்கவேண்டிய நியதியை யாரோ மீறியிருக்கிறார்கள் என்று பொருள். இதில் கீறல் இல்லை. 40 கன சென்ரிமீற்றர், 15 அங்குலம், சுவீடனில் செய்தது, பழுதுபார்க்கிற கடை எங்கள் தெருவின் கோடியிலேயே. பேரம் பேசி 1500 குரோனருக்கு முடித்தோம். பேரம் பேசியது நான். முதியவர் வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

ஆவணி மாதம் காட்டுக்குப் போனோம். விழவேண்டிய பக்கத்தில் முதலில் ஆப்பு வடிவாய் ஒரு வெட்டு, பின்பக்கத்தில் இன்னொன்று, இரண்டுக்கும் நடுவே கதவின் பிணைச்சல் போல ஒரு சிறு பட்டி அறாமல் நிற்கவேண்டும் என்று காட்டித் தந்தார். அலகு மூக்கின் மேற்பாகம் எதிலும் படக்கூடாது, பட்டால் வாள் முகத்தை நோக்கித் துள்ளும் என்பதை மாத்திரம் மூன்று தரம் சொன்னார். அவர் ஒன்றை இரண்டாம் தரம் சொல்லி நான் கேட்டதே இல்லை. மரம் விழுத்துவதில் பிழை விடவில்லை. விழுந்த மரத்தை அரியும்போதுதான், இரு முனையும் மேட்டில் தங்கி நடுவே தொய்ந்து கிடந்த குற்றியை மேலிருந்து அரிந்து, வெட்டுவாய் மூடிக்கொள்ள, வாளைப் பறிகொடுத்து நின்றேன். ஆப்பசைத்த குரங்கின் கதையைத் தாங்கள் வகுப்பில் நடித்துக் காட்டியது நினைவுக்கு வந்தது. என் விஷயத்தில் அகப்பட்டது வால் அன்று, வாள்.

அன்று மத்தியானம், வெட்டு மந்தமாகிவிட்டதே, எஞ்சின் சரியில்லையோ என்று முறையிட்டேன். அவர் பதில் சொல்லாமல் குனிந்து, நான் அரிந்த இடத்திலிருந்து ஒரு பிடி தூளை அள்ளி என் உள்ளங்கையில் வைத்தார். ஒடியல் மா போல் நுண்ணிய தூள். பிறகு வாளைக் குற்றியில் இறுக்கி, 4 மில்லிமீற்றர் வட்ட அரம் ஒன்றை எடுத்து, பல்லின் சரிவுக்கு அணைத்து, முன்னோக்கி மாத்திரம், ஒரு பல்லுக்கு மூன்று இழுப்பாக, ஒரு பக்கத்துப் பற்களை முடித்து மறுபக்கம் வந்தார். கால் மணி நேரம். மறுபடி அரிந்து, இன்னொரு பிடி அள்ளி வைத்தார். பாக்குச் சீவல் போல் நீளநீளமாய், கனமாய், ஈரமாய் இருந்தது. மாவாய் வந்தால் நிறுத்து, சீவலாய் வந்தால் அரி என்பதே இந்தச் சாஸ்திரத்தின் சாரம். மிஞ்சியிருந்த 200 குரோனரில் இரண்டு அரமும் சங்கிலிக்கு ஊற்றுகிற எண்ணெயும் வாங்கினேன். ஆராய்ச்சி செய்த ஏழு மாதமும் இந்த அரத்தைப் பற்றி நான் ஒரு வரிகூடப் படிக்கவில்லை.

புரட்டாதி முடிவதற்குள் ஒரு ஃபாவ்ன் விறகு சேர்ந்தது. ஃபாவ்ன் என்பது இவர்களுடைய அந்தர், 2.4 கன மீற்றர். பிளந்து, பட்டை மேல்நோக்க அடுக்கி, அயலவரை அழைத்துக் காட்டினேன். அவர் ஊசி வைத்த சிறு கருவி ஒன்றைக் கட்டையில் குத்தினார். ஈரம் 20 சதவீதத்துக்குக் கீழே இருக்கவேண்டும். 34 என்று காட்டியது. மாசி பங்குனியில், பனி உருகுமுன் வெட்டிப் பிளந்திருந்தால் இந்தக் கோடையிலே காய்ந்திருக்கும், இது வருகிற வருஷத்துக்கு என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

ஆகவே பெரியம்மாவை நேர்த்திக்கடனைத் தீர்த்துவிடச் சொல்லுங்கள். வாளைத் துடைத்து, எண்ணெய் பூசி, நிலவறையில் வைத்துவிட்டேன். இக்கடிதத்தை எழுதும்போது எங்கள் அடுப்பில் எரிவது, 40 லீற்றர்ச் சாக்காக நேற்றுக் கடையில் காசு கொடுத்து வாங்கிய விறகு.

இங்ஙனம்,
தங்கள் பெறாமகன்