180 நாள் போதாதாம்!

சின்னசேலம் பக்கம் கரும்பு வெட்டினால் வெட்டுக்கூலியை உடனே கையில் வைத்தாக வேண்டும். லாரி வாடகையும் கடன் சொல்ல முடியாது. ஆலை மட்டும் எடைச்சீட்டைக் கொடுக்கும், பணம் பிறகு. 1966-ஆம் ஆண்டுக் கரும்புக் கட்டுப்பாட்டு ஆணை, 14 நாளில் பணம் தரச் சொல்கிறது. தவறினால் 15 சதவீத வட்டி. எவ்வளவு இனிப்பான ஆணை! சர்க்கரை வியாதிக்காரர்கள் தள்ளி நின்று படிக்கவும்.

பெரிய மனிதர்களுக்கும் ஒரு கெடு வந்தது. 2018 பிப்ரவரி 12 அன்று ரிசர்வ் வங்கி சுற்றறிக்கை விட்டது: 2,000 கோடிக்குக் குறையாமல் கடன் வாங்கித் தவணை தவறினால், 180 நாளில் தீர்வு காண வேண்டும், இல்லையேல் திவால் வழக்கு. மின்சாரக் கம்பெனி, சர்க்கரைக் கம்பெனி எல்லாம் அலறியடித்துக் கோர்ட்டுக்கு ஓடின. அந்த வழக்கே நம் சங்கராபுரம் வட்டத்துக் கலையநல்லூரில் ஆலை நடத்திய தரணி சுகர்ஸ் பெயரில்தான் சட்டப் புத்தகத்தில் இருக்கிறது. எதிர்த்தரப்பு, இந்திய ஒன்றியம்.

சாட்சிக் கூண்டு கிடையாது, குறுக்கு விசாரணை கிடையாது, சட்ட வாதம் மட்டுமே. செப்டம்பரிலேயே உச்ச நீதிமன்றம் நிலைமையை அப்படியே வைக்கச் சொன்னது. 2019 ஏப்ரல் 2 அன்று சுற்றறிக்கை செத்தது. ஒன்றிய அரசின் அனுமதியோடு, குறிப்பிட்ட கடன் தவறுதலுக்குத்தான் ரிசர்வ் வங்கி திவாலுக்கு அனுப்பலாம், மொத்தமாக முடியாது என்றார்கள். சட்டப்படி அது சரியாகவே இருக்கட்டும். அந்த வேகத்தில் பாதியாவது கரும்புப் பாக்கிக்குக் கிடைத்ததா? நிலுவை கேட்ட விவசாயிகளுக்கு ஆர்ப்பாட்டம் நடத்த இடம் கிடைத்தது, கூடவே போலீஸ் பந்தோபஸ்தும்.

இத்தனை போராடி ஒத்திப்போட்ட திவால், 2021-இல் அந்தக் கம்பெனியைத் தேடி வந்தே விட்டது. திவால் நடவடிக்கை தொடங்கினால் தடைக்காலம் வரும். கரும்புப் பாக்கியை நிலவரிப் பாக்கி போலக் கலெக்டர் வசூலித்துத் தரும் வழியும் அதோடு அடைபடும். ஆலையை விற்றுப் பங்கு வைக்கும் நிலை வந்தால் சட்டம் வரிசை வைத்திருக்கிறது: திவால் செலவு, அடமானம் பிடித்த வங்கியும் தொழிலாளியும், ஊழியர், அடமானமில்லாக் கடன்காரர், அரசுப் பாக்கி. கரும்பு போட்டவன் அதற்கும் பின்னால், ‘இதர கடன்’ கும்பலில்.

டெல்லி ஐயாமார்களே, கரும்புப் பாக்கியை வங்கிக்கு முன்னால் கொண்டுவந்து வையுங்கள். முடியாதென்றால் அந்த 14 நாள் வரியை ஆணையிலிருந்து அடித்துவிடுங்கள். எங்களுக்கு ஒரு பொய்யாவது குறையும்.