ஆலம்பரையில் கல்லா கட்டுங்கள்: நிதி வரலாற்றறிஞருக்கு ஒரு கையேடு

நிதி வரலாற்றில் பேர் வாங்க, எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் தும்மிக்கொண்டு கிடக்க வேண்டியதில்லை. கடப்பாக்கத்துக்குப் போங்கள். கிழக்குக் கடற்கரைச் சாலையிலிருந்து ஆலம்பரைக் கோட்டைப் பக்கம் திரும்புங்கள். இடிந்த செங்கல் சுவர், உப்பங்கழி, நாலு படகு. போதும், பிழைப்புக்கு வழி கிடைத்துவிட்டது.

1. முதலில் புகைப்படம். சுவரில் ஒரு கை, பார்வை கடல்மேல். பின்னட்டை தயார். புத்தகம் மெதுவாக வரட்டும்.

2. மூன்று வாக்கியங்களை மனப்பாடம் செய்யுங்கள்: ஆற்காட்டு நவாபு காலத்தில் இங்கே நாணயம் அடித்தார்கள். 1750-இல் கோட்டை பிரெஞ்சுக்காரர் கைக்குப் போனது. 1760-இல் ஆங்கிலேயர் பிடித்து இடித்தார்கள். கருத்தரங்கம் கருத்தரங்கமாகப் போய் இதையே சொல்லுங்கள். நாலாவது வாக்கியத்தைத் தேடாதீர்கள். தேடினால் வேலை வந்து சேரும்.

3. நாணயம் அடிக்க வெள்ளி எங்கிருந்து வந்தது என்று யாரையும் கேட்க விடாதீர்கள். ஐரோப்பியக் கப்பலில் ஸ்பானிய வெள்ளி வந்தது. முகலாயப் பாதுஷா பேரில் ரூபாய் அடித்துக்கொள்ள 1736-இல் நவாபு தோஸ்து அலி கான் புதுச்சேரி பிரெஞ்சுக்காரருக்கு அனுமதி தந்தார். வியாபாரி கொடுத்த வெள்ளிக்கும் திரும்ப வாங்கிய நாணயத்துக்கும் நடுவில் அடிகூலியும் அரசுப் பங்கும் கழிந்தன. இதைச் சொன்னால் கூட்டம் கொட்டாவி விடும். புதையல் என்று சொல்லிப் பாருங்கள், யூடியூப்காரர் மைக்கோடு வந்து நிற்பார்.

4. புதுச்சேரி துபாஷி ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பை வாங்கியே தீருங்கள். 1736 செப்டம்பரிலிருந்து 1761 வரை அந்த மனிதர் கப்பல், வெள்ளி, கடன், லஞ்சம் எல்லாவற்றையும் எழுதி வைத்திருக்கிறார். ஆங்கில மொழிபெயர்ப்பு 1904 முதல் 1928 வரை பன்னிரண்டு தொகுதிகளாக வந்தது. காணொளிப் பேட்டியில் உங்கள் தலைக்குப் பின்னால் பன்னிரண்டும் தெரிய வேண்டும். பிரிக்கத் தேவையில்லை. தவறிப் பிரித்துவிட்டால், அவர் தமிழில் எழுதியதை ஆங்கிலத்தில் படித்து, நீங்களே மறுபடி தமிழாக்கி, 'மூலத்திலிருந்து' என்று போடுங்கள்.

5. இப்போது கணக்கு. ஆங்கிலக் கிழக்கிந்தியக் கும்பினியின் சென்னைக் கணக்கில் ஒரு நட்சத்திர வராகன் 42 பணம், ஒரு பணம் 80 காசு. வராகனுக்கு மூன்றரை ரூபாய் என்று பிற்காலத்தில் ஒரு விகிதம் வைத்தார்கள். எந்த ஊர், எந்த ஆண்டு என்று பார்க்காமல் அதையே போடுங்கள். பிறகு இன்றைய தங்க விலையால் பெருக்குங்கள். கோடிகள் வரும். கொட்டை எழுத்தில் அச்சிடுங்கள். பஜாரில் நாணய மாற்று வட்டம் ஏறி இறங்கியது, காசு மாற்றும் சராப்புக்காரர் அந்த வித்தியாசத்தில்தான் வாழ்ந்தார் என்பதையெல்லாம் அடிக்குறிப்பில்கூடச் சொல்லாதீர்கள். அடிக்குறிப்பைப் படிக்கிற ஆசாமிகள் இன்னும் இருக்கிறார்கள்.

6. ஆலம்பரை அலுத்துப்போனால் 1906-க்குத் தாவுங்கள். சென்னையில் மக்கள் பணம் போட்டு வைத்திருந்த அர்பத்நாட் கம்பெனி திவால், 1907-இல் இந்தியன் வங்கி. தலைப்பு: 'வீழ்ச்சியும் எழுச்சியும்'. ஊரே ஏமாந்து நின்ற நேரத்தில் புது வங்கிக்குப் பங்குப் பணம் போட ஆட்களை எப்படிச் சம்மதிக்க வைத்தார்கள்? அது ஒன்றுதான் சுவாரசியமான கேள்வி. எனவே தவிர்த்துவிடுங்கள்.

7. ஓர் ஆய்வு மாணவரைப் பிடியுங்கள். காப்பகத் தூசு அவருக்கு, பொன்னாடை உங்களுக்கு. கட்டுரையில் அவர் பெயர் இரண்டாவது. அவர் முனகினால் நன்றியுரையில்.

8. என்றைக்காவது கடப்பாக்கத்துக்காரர் ஒருவர், "சார், மண்ணுல கெடந்துச்சு, என்ன காசுன்னு பாருங்க" என்று துருவேறிய ஒன்றை நீட்டுவார். எடை போடாதீர்கள். எடை போட்டால் மாற்றுப் பார்க்கச் சொல்வார்கள். மாற்றுப் பார்த்தால் எழுத ஏதாவது கிடைத்துவிடும். 'சோழர் காலம்' என்று சொல்லிவிட்டு, அவரோடு ஒரு செல்ஃபி எடுத்துக்கொண்டு வண்டியில் ஏறுங்கள். மாமல்லபுரம் விடுதியில் மதியம் ஒரு மணிக்கு விருந்து, துணைவேந்தரும் வருகிறார்.