பின்னாசனப் பந்தம்

1950-களின் பிற்பகுதியில் வங்காளத்து உத்தர்பாராவில் மோரிஸ் ஆக்ஸ்போர்டின் அம்சாவதாரமாக ஜனித்து, 2014-இல் உற்பத்தி என்னும் லீலையை முடித்துக்கொண்ட அம்பாஸடர் வம்சத்துக் கார் ஒன்றைப் பிதிரார்ஜிதமாகப் பெற்ற என் நண்பர், அதன் பின்னாசனத்துக்கு சீட் பெல்ட் பூட்டுவதெனச் சங்கற்பம் செய்துகொண்டார். ஸ்வீடன் தேசத்து வால்வோ கம்பெனியில் நில்ஸ் போலின் என்பவர் அமைத்த மும்முனைப் பெல்ட் 1959-லேயே கார்களில் ஏறிவிட்டதென்றாலும், இந்தப் பின்னாசனமோ பந்தங்களனைத்தையும் துறந்த ஜீவன்முக்தரைப் போலவே நெடுங்காலம் விளங்கி வந்தது. தாத்தா, பாட்டி, இரண்டு அத்தைமார், மடிக்கொரு குழந்தை, காலடியில் பண்ருட்டிப் பலாப்பழம் என்று அமர்ந்து வந்த அந்த நெருக்கமே அக்காலத்தில் பெல்ட்டின் ஸ்தானத்தை வகித்தது.

தகரத்தில் துளையிட்டு ஒரு போல்ட்டை முறுக்கினால் தீர்ந்தது என்று பட்டறைக்காரர் அபயமளித்தார். மோதல் நேருங்கால் அந்த போல்ட் துருவேறிய தரையையும் பெயர்த்துக்கொண்டு பிரயாணியோடு முன்னே பாய்ந்துவிடுமே, அடியில் கனத்த எஃகுத் தகடு வைத்து இழுவிசையைப் பரப்ப வேண்டாமா என்று நண்பர் வினவ, “அறுபது வருஷமா ஓடற வண்டி சார், ஒண்ணும் ஆகாது” என்ற வேதவாக்கே விடையாக வந்தது.

பிடிவாதத்தின் பேரில் தகடும் வைத்து, மூன்று பெல்ட்டுகளும் பூட்டியாயிற்று. ஆயினும் முதல் பிரயாணத்திலேயே பின்னால் ஏழு பேர் ஏற, மூன்று பெல்ட்டுகளுக்கு உரியவர் யாவர் என்ற தர்க்கம் திண்டிவனம் வரை நீடித்து, இறுதியில் ஒருவர் மனமும் புண்படாதவாறு, ஒரு பெல்ட் மட்டும் பலாப்பழத்துக்குப் பூட்டப்பட்டதாகக் கேள்வி.