பென்டிரைவ் ஒன்று, சொந்தக்காரர் நால்வர்

சின்ன லினக்ஸ் போர்டு ஒன்று. பென்டிரைவைச் செருகினால் தானாக மவுன்ட் ஆக வேண்டும், பிடுங்கினால் சத்தமில்லாமல் விலக வேண்டும். வாடிக்கையாளர் கேட்டது இவ்வளவுதான். இதை ஒரே நாளில் முடித்துக் கொடுத்தால் உங்களுக்கு வேலையில்லை என்று மேலாளர் முடிவுகட்டிவிடுவார். ஆகவே கீழே உள்ளபடி செய்யுங்கள். பாதியை ஏற்கெனவே செய்திருப்பீர்கள். மீதிக்கு நான் இருக்கிறேன்.

படி 1: பழைய இனிட்டைக் கைவிடாதீர்கள்

யாக்டோவில் இனிட்-மேனேஜர் என்றொரு மாறி உண்டு. அதற்கு சிஸ்டம்டி என்று மதிப்புக் கொடுத்தால் போதும். பழைய சிஸ்வி-இனிட்டை ஒதுக்குவது, யூடெவை யார் கவனிப்பது என்று சொல்வது எல்லாம் அந்த ஒரு வரியிலேயே முடிந்துவிடும். அந்தப் பக்கம் தலைவைத்தும் படுக்காதீர்கள். போன புராஜெக்டின் கான்ஃபிக் கோப்பைத் திறந்து, சிஸ்டம்டியைச் சேர்க்கும் வரிகளை மட்டும் கையால் ஒட்டுங்கள். சிஸ்வி-இனிட்டை நீக்கும் வரி அடுத்ததாகவே இருக்கும். அதை விட்டுவிடுங்கள். இனிட்-டி அடைவின் ஸ்கிரிப்டுகள் அத்தனையும் இமேஜில் தங்கிவிடும். சிஸ்டம்டி கொஞ்சம் பழைய பதிப்பாக இருந்தால் (இருக்கும்), அதே பெயரில் யூனிட் இல்லாத ஸ்கிரிப்டுகளையெல்லாம் தானே சேவைகளாக மாற்றி ஓட்டவும் செய்யும். யார் எப்போது எழுதியது என்றே தெரியாத மவுன்ட் ஸ்கிரிப்ட் ஒன்று அதில் கட்டாயம் இருக்கும். அவர்தான் முதல் சொந்தக்காரர்.

படி 2: யூடெவ் விதியை நீங்களே எழுதுங்கள்

யூடெவ்-எக்ஸ்ட்ராகான்ஃப் என்ற பொதியில் இதற்கென ஒரு ஸ்கிரிப்ட் தயாராக இருக்கிறது. இனிட் சிஸ்டம்டியா என்று பார்த்து, ஆமென்றால் மவுன்ட் வேலையை சிஸ்டம்டி-மவுன்ட் கட்டளையிடம் ஒப்படைத்துவிடும் அளவுக்கு அதற்கு விவரம் உண்டு. பொதியை இமேஜில் சேருங்கள், ஸ்கிரிப்டைப் படிக்காதீர்கள். பிறகு பக்கத்திலேயே உங்கள் சொந்த விதியை வைத்து, அதிலிருந்து மவுன்ட் கட்டளையை நேரடியாகக் கூப்பிடுங்கள்.

இனிதான் விருந்து. சிஸ்டம்டியின் யூடெவ் சேவை தனக்கென்று ஒரு மவுன்ட் நேம்ஸ்பேஸில் ஓடுகிறது. உங்கள் கட்டளை வெற்றி பெறும். திரும்பும் மதிப்பு சுழியம், லாகில் பிழை ஒன்றும் இராது. போய் அடைவைத் திறந்தால் காலி. மவுன்ட் நடந்தது உண்மைதான், ஆனால் அது யூடெவின் கண்ணுக்கு மட்டும்தான் தெரியும். இந்த நிலையில் கேபிளை மாற்றுங்கள், பென்டிரைவை மாற்றுங்கள், கர்னலை மறுபடி பில்ட் செய்யுங்கள். கடைசியாக யாராவது பிரைவேட்-மவுன்ட்ஸ் என்ற அமைப்பைச் சுட்டிக்காட்டினால் உடனே அதை அணைத்துவிட்டு வென்றதாக அறிவியுங்கள்.

அந்த வெற்றி முதல் என்டிஎஃப்எஸ் பென்டிரைவ் வரும்வரை நிற்கும். ஃபியூஸ் வழியே மவுன்ட் செய்தால் பின்னால் ஒரு புராசஸ் உயிரோடு இருந்தாக வேண்டும். யூடெவோ தன் நிகழ்வு முடிந்ததும் மிச்சமிருக்கும் புராசஸ்களைக் கொன்றுவிடும். யூடெவ் கையேட்டிலேயே இந்த வேலைக்கு இந்த வழி ஆகாது என்று எழுதியிருக்கிறது. கையேடு படிப்பவர்கள் வேறு துறையில் இருக்கிறார்கள்.

படி 3: எஃப்எஸ்டேபிலும் ஒரு வரி, எதற்கும் இருக்கட்டும்

எஸ்டிஏ1 என்றே எழுதுங்கள். யூயூஐடி பார்க்க அலுப்பாக இருக்கும். நோஃபெயில் என்ற சொல்லைச் சேர்க்காதீர்கள், அதில் தோல்வி மனப்பான்மை தெரிகிறது. இனி பென்டிரைவ் இல்லாமல் பூட் செய்தால் போர்டு 90 விநாடி அதற்காகக் காத்திருந்துவிட்டு எமர்ஜென்சி மோடுக்குள் போய் உட்காரும். பாதுகாப்புக் கருதி ரூட் கணக்கைப் பூட்டியிருப்பீர்கள் என்பதால் அங்கேயும் ஷெல் கிடைக்காது. செலவைக் குறைக்க சீரியல் கன்சோலின் பின்களையும் எடுத்துவிட்டிருந்தால் பரிபூரணம்.

படி 4: எஃப்எஸ்டேபைத் திருத்திய பிறகு டீமன்-ரீலோட் செய்யாதீர்கள்

பழைய வரியையே நம்பிக்கொண்டிருக்கும் சிஸ்டம்டி, நீங்கள் கையால் மவுன்ட் செய்ததை மறுநொடியே அவிழ்த்துவிடக்கூடும். பேய் என்று சொல்லிக்கொள்ளுங்கள்.

படி 5: ஸ்லீப் 5

நான்காவது சொந்தக்காரர் உங்கள் அப்ளிகேஷனைத் தொடங்கும் ஸ்கிரிப்ட். மற்ற மூவரையும் நம்ப முடியாததால் அதிலும் ஒரு மவுன்ட் வரியைப் போட்டு, அதற்கு முன்னால் ஸ்லீப் 5 என்று எழுதுங்கள். உங்கள் மேசையில் வேலை செய்யும். டெஸ்டரின் மேசையில் வேலை செய்யாவிட்டால் 7 ஆக்குங்கள். ஒன்று காத்திருக்கிறது என்றால் அது இன்னொன்றைச் சார்ந்திருக்கிறது என்று பொருள். அதை யூனிட் கோப்பில் ஒரே வரியில் சொல்லலாம் என்று புதிதாகச் சேர்ந்த பெண் சொன்னால், டாகுமெண்டேஷன் வேலையை அவருக்குக் கொடுங்கள்.

படி 6: மவுன்ட் ஆகியிருக்கிறதா என்று பார்க்காமலே எழுதுங்கள்

அடைவு எப்படியும் இருக்கும். பென்டிரைவ் மவுன்ட் ஆகாத நாட்களில் உங்கள் லாக் கோப்புகள் அந்தக் காலி அடைவுக்குள், அதாவது போர்டின் சொந்த ஃபிளாஷுக்குள்ளேயே போய் நிறையும். பிழை எதுவும் வராது. பிறகு என்றோ ஒருநாள் பென்டிரைவ் சரியாக மவுன்ட் ஆகும்போது அந்தக் கோப்புகளின் மேலேயே ஏறி உட்கார்ந்து எல்லாவற்றையும் மறைத்துவிடும். ரூட் பார்ட்டிஷன் நூறு சதவீதம் நிறைந்திருக்கும். டியூ கட்டளையால் எத்தனை முறை கூட்டினாலும் பாதிக் கணக்கு இடிக்கும். ரூட்டை ரீட்-ஒன்லியாக வைத்திருந்தால் இந்தச் சுகம் கிடைக்காது. ஆகவே ‘தற்காலிகமாக’ ரீட்-ரைட் ஆக்கி ரிலீஸ் செய்யுங்கள்.

பிடுங்கும்போது ‘பிஸி’ என்று வந்தால் சோம்பல் அன்மவுன்ட் கொடுங்கள். பட்டியலிலிருந்து பெயர் போய்விடும், எழுத வேண்டியது இன்னும் மெமரியிலேயே இருக்கும். எல்இடியைப் பச்சையாக்கி, எடுத்துக்கொள்ளலாம் என்று திரையில் காட்டுங்கள்.

படி 7: சப்போர்ட்டுக்குப் பதில் தயார் செய்யுங்கள்

டேட்டா போய்விட்டது என்று புகார் வரும். வாடிக்கையாளர் தரமற்ற பென்டிரைவ் வாங்கியிருக்கிறார் என்று எழுதி, பரிந்துரைக்கப்படும் பென்டிரைவ்களின் பட்டியலை இணைத்து அனுப்புங்கள். தேர்வு விதி ஒன்றே ஒன்று: அது 7 விநாடிக்குள் விழித்துக்கொள்ள வேண்டும்.