ஏசி மெக்கானிக்கோடு போட்டியிட ஒரு பட்டம்

பிளஸ் டூவில் பயாலஜி எடுத்த பிள்ளைக்கு நீட் கைகொடுக்கவில்லையா? கவலையை விடுங்கள். கொல்கத்தாவின் நியூ டவுனுக்கு வண்டி ஏறுங்கள். அகலமான சாலை, சாலைக்கு மேலே பிஸ்வ பங்களா கேட், இரு பக்கமும் கண்ணாடிக் கட்டடங்கள். அதில் ஏதோ ஒன்றில் அட்மிஷன் கவுன்சிலர் காத்திருப்பார். "வாங்க காக்கு, உட்காருங்க காக்கிமா" என்று சித்தப்பா, சித்தி முறை சொல்லி அழைப்பார். ஐந்தே நிமிடத்தில் வங்காளி உங்களுக்குப் பங்காளி ஆகிவிடுவார். எமர்ஜென்சி, டிராமா, கிரிட்டிகல் கேர் என்று கேட்கும்போதே படபடப்பு வரவழைக்கும் பெயர்களில் பி.எஸ்ஸி. பட்டங்களை எடுத்து விரிப்பார். வெள்ளைக் கோட்டு உண்டு. ரப்பர் பொம்மையின் மார்பை அழுத்தும் லேப் உண்டு. பிளேஸ்மென்ட் நூற்றுக்கு நூறு. என்ன வேலை, எங்கே, எவ்வளவு சம்பளம் என்று நீங்கள் கேட்காதவரை அது உண்மை.

ஃபீஸ் கட்டிவிட்டு ஈக்கோ பார்க்கையும் ஒரு சுற்றுச் சுற்றுங்கள். தாஜ் மகால், பிரமிடு, கொலோசியம் எல்லாம் நகலாக வரிசைகட்டி நிற்கின்றன. அசலைத் தேடுகிறவன்தான் இந்த ஊரில் அசடு.

சரி, இதையெல்லாம் படித்து வரும் பாராமெடிக்குக்கு இடம் எங்கே? ஆம்புலன்சில், நோயாளியின் தலைமாட்டில். அங்கே ஏற்கெனவே ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். 2018 மார்ச்சில், பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு எழுதிக்கொண்டிருந்த பையன் ஒருவனை பர்த்வானிலிருந்து கொல்கத்தாவுக்குக் கொண்டுபோனார்கள். ஐசியு வசதியுள்ள ஆம்புலன்ஸ், துணைக்கு டாக்டர், இரண்டுக்கும் சேர்த்து 16,000 ரூபாய். பையன் பிழைக்கவில்லை. துணைக்கு வந்த டாக்டரைப் போலீஸ் விசாரித்தபோது அவர் ஏசி மெக்கானிக் என்று தெரிந்தது.

ஃபிரிட்ஜுக்கு கேஸ் நிரப்பத் தெரிந்தவனுக்கு ஆக்சிஜன் சிலிண்டர் திறக்கத் தெரியாதா என்று நினைத்தார்களோ என்னவோ. மெக்கானிக்கும் டிரைவரும் கைதானார்கள். கையில் கிடைத்தவனுக்கு டாக்டர் வேஷம் கட்டி வண்டியில் ஏற்றும் துணிச்சல் எங்கிருந்து வந்தது? அதைக் கைது செய்ய எந்தப் போலீஸ் ஸ்டேஷனிலும் ஆளில்லை. இரண்டே ஆண்டு கழித்து, 2020 ஜூலையில், கொரோனா தொற்றிய இரண்டு சிறுவர்களைப் பார்க் சர்க்கஸிலிருந்து கொல்கத்தா மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டுபோக வேண்டியிருந்தது. ஆறு கிலோமீட்டருக்கு ஆம்புலன்ஸ்காரர்கள் 9,200 ரூபாய் கேட்டார்கள். அவ்வளவு இல்லை என்றதும் ஆக்சிஜனைக் கழற்றிவிட்டு இறங்கச் சொன்னார்கள் என்று தகப்பன் புகார் சொன்னார். கழற்றத் தெரிகிறது பாருங்கள், அதற்குப் பயிற்சி தேவைப்படவில்லை.

சட்டம் இல்லாமலா? பேஷாக இருக்கிறது. 2021-இல் நாடாளுமன்றம் துணை மருத்துவத் தொழில்களுக்கென்றே தேசிய ஆணையச் சட்டம் கொண்டுவந்தது. ஒரு பிரிவினருக்குக் குறைந்தது 2,000 மணி நேரம், இன்னொரு பிரிவினருக்கு 3,600 மணி நேரம் படிப்பு என்று கணக்காக எழுதியது. அட்டவணையில் அவசர மருத்துவப் பணியாளருக்கும் இடம் உண்டு. ஆறு மாதத்துக்குள் ஒவ்வொரு மாநிலமும் கவுன்சில் அமைக்க வேண்டும் என்றது. மூன்று ஆண்டு ஓடியது. மருத்துவத் தொழில்நுட்பவியலாளர்களே உச்ச நீதிமன்றப் படியேறினார்கள். 2024 அக்டோபர் 12-க்குள் சட்டத்தை நடைமுறைக்குக் கொண்டுவாருங்கள் என்று ஆகஸ்டில் நீதிமன்றம் கெடு வைத்தது. பிள்ளைகளுக்கு மணிக்கணக்கு, அரசுகளுக்கு வருஷக்கணக்கு. மாணவன் ஒரு நாள் லேபுக்கு மட்டம் போட்டால் அட்டெண்டன்ஸில் கை வைப்பார்கள். மூன்று வருடம் மட்டம் போட்ட மாநில அரசை எந்த எச்.ஓ.டி. வகுப்புக்கு வெளியே நிறுத்துவார்?

இதற்கு நடுவில், 2023 மே மாதம், மேற்கு வங்க முதல்வராக இருந்த மம்தா பானர்ஜிக்கு ஒரு யோசனை உதித்தது. டாக்டர் பற்றாக்குறை இருக்கிறதே, மூன்றாண்டு டிப்ளமோ கொடுத்து ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கு டாக்டர்களை உருவாக்கினால் என்ன? குழுவும் போட்டாயிற்று. மூன்று நான்கு ஆண்டு படித்து முடித்த பாராமெடிக்கல் பிள்ளைகள் கையில் சர்ட்டிஃபிகேட்டோடு ஏற்கெனவே நிற்கிறார்களே, அவர்களுக்கு முதலில் பணியிடம் போடலாமே என்பது உதித்ததாகத் தெரியவில்லை. இருப்பவனுக்கு வேலை கொடுத்தால் அது செலவு. இல்லாதவனை உருவாக்கப் போகிறேன் என்றால் அது செய்தி.

வைத்தியத்துக்காகக் காட்பாடியில் வந்து இறங்கும் வங்காளக் குடும்பங்களைப் பார்த்து நம்மவர்கள் மீசையை முறுக்குவதுண்டு. முறுக்கும் முன் நம்மூர் 108 ஆம்புலன்சுக்கு ஆளெடுக்கும் விளம்பரத்தைப் படியுங்கள். 2008-இல் தொடங்கிய சேவை. எத்தனையோ உயிர்களைக் காப்பாற்றியதில் சந்தேகமில்லை. காப்பாற்றியவர்கள் ஒப்பந்த நிறுவனத்தின் ஆட்கள், பன்னிரண்டு மணி நேர ஷிப்ட், சம்பள உயர்வு கேட்டு அவ்வப்போது ஸ்டிரைக். மருத்துவ உதவியாளர் வேலைக்கு நர்சிங் படித்தவர் வரலாம், விலங்கியல் படித்தவர் வரலாம், தாவரவியல் படித்தவரும் வரலாம். தேர்வானால் சுமார் ஐம்பது நாள் பயிற்சி, பிறகு வண்டியில் ஏற்றிவிடுவார்கள். நியூ டவுனில் வீட்டை அடகு வைத்து எமர்ஜென்சி கேர் படித்துவிட்டு வருகிறவர் தாராளமாக இதற்கு மனுப்போடலாம். தாவரவியல்காரருக்குப் பின்னால் வரிசையில் நிற்க வேண்டும், அவ்வளவுதான்.