ஆசான் சிக்கெடுக்கிறார்

மட்டாஞ்சேரி ஜெட்டியில் 'டர்ர்ர்' என்று ஒரு சத்தம் கேட்டால் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. ஆசான் வீசியிருக்கிறார், அவ்வளவுதான். லூர் பாதி வழி போயிருக்கும். அதை அனுப்பிய ரீல் அதைவிட வேகமாகச் சுழன்று, நூல் வெளியே போக வழியில்லாமல் ஸ்பூலுக்குள்ளேயே பொங்கி நின்றிருக்கும். லூர் அந்தரத்தில் ஒரு வெட்டு வெட்டிப் பத்தடி தூரத்தில் பொளக்கென்று விழும். ஆசான் ரீலைப் பார்க்க மாட்டார். வானத்தைப் பார்ப்பார்.

"காத்து, கேட்டியா?" என்பார்.

மட்டாஞ்சேரி ஜெட்டி கிழக்கே பார்த்தது. எதிரே வெல்லிங்டன் தீவு. சாயங்காலக் கடற்காற்று மேற்கிலிருந்து கிளம்பி, பஜார் ரோட்டுக் கிடங்குகளின் ஓடுகளைத் தாண்டி, சுக்கு வாசனையையும் சேர்த்துக்கொண்டு நம் முதுகில்தான் வந்து அடிக்கும். எதிர்க்காற்று வேண்டுமானால் ஃபோர்ட் கொச்சிக் கடற்கரையில் போய் அரபிக்கடலைப் பார்த்து நிற்க வேண்டும். இதை ஆசானிடம் மரியாதையாகவே எடுத்துச் சொன்னேன்.

"பொறத்தால வாற காத்துதான் மக்கா ஆபத்து. வாறது தெரியாதுல்லா?" என்றார்.

நாகர்கோவில் பேச்சு, துறைமுகத்து ஓய்வூதியம், எண்ணெய் போட்டுத் துடைத்த பெய்ட்காஸ்டிங் ரீல். தூண்டில் வீசுகிற எந்த ஊரிலும் இப்படி ஒருவர் இருப்பார். முட்டுக்காட்டுப் பாலத்தில் அவருக்கு வேறு பெயர் இருக்கலாம். ஸ்பின்னிங் ரீலைக் கண்டால் இவர்கள் எல்லோருக்கும் ஒரே மாதிரி உதடு கோணும். அது ராடுக்குக் கீழே தொங்குவது முதல் குற்றம். "ரீலுன்னா மேல உக்காரணும். கீழ தொங்குதது ரீலா, சக்கையா?"

சிக்கு விழுந்ததும் அசல் நிகழ்ச்சி தொடங்கும். ஆசான் கருங்கல் விளிம்பில் துண்டை விரித்து உட்காருவார். தூரப்பார்வைக் கண்ணாடி சட்டைப்பைக்குள் போகும், படிக்கிற கண்ணாடி வெளியே வரும். தோள்பையிலிருந்து ஒரு தீப்பெட்டி. தீப்பெட்டிக்குள் வீட்டம்மாவின் க்ரோஷே ஊசி. (வீட்டம்மா மேசைவிரிப்புப் பின்னுவதை நிறுத்திப் பல வருடங்கள் ஆகிவிட்டன. காரணத்தை யாரும் அவரிடம் கேட்டதாகத் தெரியவில்லை.) முதல் வைத்தியம் கட்டைவிரல்: ஸ்பூலை அழுத்திப் பிடித்துக்கொண்டு கைப்பிடியை நாலு சுற்று சுற்றி, பிறகு நூலை மெல்ல இழுப்பது. சின்னச் சிக்கு இதில் நிஜமாகவே அவிழ்ந்துவிடும். ஆசான் சின்னச் சிக்குப் போடுகிற ஆளில்லை. ஊசி இறங்கும். ஒரு மடிப்பைத் தூக்கும், அதனடியில் இன்னொரு மடிப்பு இருக்கும். அதைத் தூக்கினால் முதல் மடிப்பு போய் மூன்றாவதன் கழுத்தில் விழும். அப்போதுதான் ஆசான் தலையைத் தூக்காமல் அந்த வாக்கியத்தைச் சொல்வார்.

"மக்கா, இத ஒண்ணு பிடி."

அதைப் பிடித்தவன் தொலைந்தான். நூலின் ஒரு நுனி உங்கள் விரலில் ஏறிவிடும். "இறுக்காத. தளத்தாத. அப்பிடியே நில்லு." இறுக்காமலும் தளர்த்தாமலும் நிற்பது எப்படி என்று இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை. அந்த நேரம் பார்த்துக் கல்லிடுக்கில் சாய்த்து வைத்த உங்கள் ராடின் நுனி ஆடும். இரண்டு முறை ஆடும். மூன்றாம் முறை வளையும். "ஆசானே, என் ராடு..." என்று தொடங்கினால், "அது எங்க போவும்? இதப் பாரு, இந்த மடிப்ப எடுத்தா முடிஞ்சு போச்சு" என்பார். உங்கள் வற்றை அரை வெல்லிங்டன் தீவு தூரம் ஓடி, நூலைக் கல்லில் அறுத்துக்கொண்டு போகும். ஆசானுக்கு அடுத்த மடிப்பு கிடைத்திருக்கும். இருட்டிவிட்டால் இன்னொரு கையும் போச்சு. உங்கள் போன் விளக்கைப் பிடிக்க வேண்டும். போன் அடித்தால் எடுக்கக் கூடாது, வெளிச்சம் ஆடும்.

கொச்சியில் தூண்டிலோடு நிற்பவனைத் தாண்டிப் போகிற எவரும் கேட்டே தீருகிற கேள்வி ஒன்று உண்டு: "வல்லதும் கிட்டியோ?" ஆசான் இந்தக் கேள்விக்கு ஒருநாளும் பதில் சொன்னதில்லை. சிக்கை உயர்த்திக் காட்டுவார். ஏதோ பெரிய மீன் செய்த வேலை என்று நினைத்துக் கேட்டவர் தலையை ஆட்டிவிட்டுப் போவார். அவரை ஆசான் திருத்தியதும் இல்லை.

நுனியைப் பிடித்துக்கொண்டு நிற்பவனுக்குப் பாடமும் உண்டு. வரலாற்றுப் பாடம். பெய்ட்காஸ்டிங் ரீலின் மூதாதை அமெரிக்காவின் கென்டக்கியில் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிறந்தது. செய்தவர் ஜார்ஜ் ஸ்னைடர், தொழில் கடிகாரம் செய்வது. பிறகு ஸ்வீடனில் ஆபு நிறுவனம். 1921இல் ஸ்வேங்ஸ்டா என்ற ஊரில் அவர்களும் கடிகாரத்தில்தான் தொடங்கினார்கள். அவர்களுடைய சிவப்பு நிற அம்பாசடர் ரீல் நம் ஊரில் அம்பாசடர் கார் ஓடுவதற்கு முன்பே வந்துவிட்டது என்று சொல்லும்போது ஆசானின் குரல் தழுதழுக்கும். ஷிமானோ தன் உருண்டை ரீல் ஒன்றுக்குக் கல்கத்தா என்று பெயர் வைத்தது, கொச்சி என்று வைக்கவில்லை. அது தனி வருத்தம். "எல்லாம் கடியாரக்காரன் மூள மக்கா. மத்தது? மில்லுக்காரன் கண்டுபிடிச்சது."

மில்லுக்காரன் என்பது உண்மைதான். ஸ்பின்னிங் ரீலுக்கு 1905இல் காப்புரிமை வாங்கிய ஆல்ஃபிரெட் ஹோல்டன் இல்லிங்வொர்த், பிராட்ஃபோர்டில் கம்பளி மில் வைத்திருந்த குடும்பத்துக்காரர். ஆலையில் நூல்கண்டு அசையாமல் நிற்கிறது, நூல் அதன் நுனி வழியாக உருவிக்கொண்டு போகிறது. அதைத்தான் அவர் தூண்டிலில் வைத்தார். ஸ்பூல் சுழலாது. சுழலாததால் முந்தாது. முந்தாததால் பொங்காது. கடிகாரக்காரனின் ரீலில் ஸ்பூலே சுழன்றால்தான் நூல் போகும். லூர் காற்றில் கொஞ்சம் தளர்ந்தாலும் சுழற்சி தளராது. அந்த இடைவெளியில் கட்டைவிரல் ஸ்பூலைத் தொட்டும் தொடாமலும் நின்று வேகத்தைப் பிடிக்க வேண்டும். ஆக, கடிகாரக்காரன் செய்தது நம் சாயங்காலத்தைத் தின்கிறது. நூலோடு பிறந்து வளர்ந்தவன் செய்ததில் நூல் ஒழுங்காக ஓடுகிறது. இதை நான் ஆசானிடம் சொன்னதில்லை. நுனி என் கையில் இருக்கும்போது சொல்வதற்கில்லை.

இன்னொன்றும் சொன்னதில்லை. கல்வத்திப் பக்கத்துப் பையன்கள் தண்ணீர் பாட்டிலில் தங்கூஸ் சுற்றிக்கொண்டு வருகிறார்கள். இடதுகையில் பாட்டிலைப் படுக்கவைத்து, வாயைத் தண்ணீருக்கு நேராக நீட்டி, வலதுகையால் ஈயத்தைச் சுழற்றி விடுவார்கள். பாட்டில் அசையாது, நூல் அதன் கழுத்து வழியாக உருவிக்கொண்டு போகும். இல்லிங்வொர்த் காப்புரிமை வாங்கிய சங்கதி அதேதான், கைப்பிடி ஒன்றுதான் குறைவு. ஆசானுக்கு இந்தப் பையன்கள் மேல் உயிர். "இதாம்டே அசல் கைத்தொழில்" என்று தட்டிக்கொடுப்பார். அவர்கள் கையில் இருப்பது ஸ்பின்னிங் ரீல் என்று தெரிந்தால் மனிதர் என்ன ஆவாரோ!

ஆசானின் ஷார்ஜா மச்சான் ஒரு வருகையில் கம்ப்யூட்டர் ரீல் கொண்டுவந்தார். ஜப்பான் சரக்கு. ஸ்பூலின் சுழற்சியிலேயே மின்சாரம் எடுத்து, வேகத்தை அளந்து, தானே பிரேக் போட்டுக்கொள்ளும். வீசும்போது 'வீஈஈ' என்று பாடும். சிக்கே விழாது என்று பெட்டியில் போட்டிருந்தது. நாங்கள் எல்லோரும் கும்பிட்டோம். முதல் வாரம் பாட்டு மட்டும் கேட்டது. ஆசானின் முகம் நாளுக்கு நாள் வாடியது. உட்கார ஒரு காரணமில்லை, தீப்பெட்டி திறக்கவில்லை, கென்டக்கி கேட்க ஆளில்லை. அடுத்த வாரம் பிரேக்கைக் கடைசி வரை குறைத்துவிட்டார். "அதுக்க இஷ்டத்துக்கு விட்டா பின்ன வெரலு எதுக்கு?" அன்று மாலை 'வீஈஈ'க்குப் பின்னால் 'டர்ர்ர்' கேட்டது. எனக்கே ஒரு நிம்மதி என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள்.

ஊரெல்லாம் ஸ்பின்னிங் பக்கம் சாய்ந்துவிட்டதா என்ற கேள்விக்கு இந்த ஜெட்டியில் நின்றாலே பதில் தெரியும். கல்லிடுக்கில் சாய்ந்திருக்கிற ராடுகளைப் பாருங்கள். கிட்டத்தட்ட எல்லாவற்றிலும் ரீல் கீழேதான் தொங்குகிறது. குட்டி வற்றை பொடிமீனைத் துரத்திக்கொண்டு வரும் நேரத்தில் நாலைந்து கிராம் லூரைத்தான் எறிந்தாக வேண்டும். அத்தனை இலேசானது சாதாரண பெய்ட்காஸ்டரின் ஸ்பூலை இழுத்துச் சுழற்றவே திணறும். ஸ்பின்னிங்கில் ஒரு கையில் பழம்பொரியை வைத்துக்கொண்டு எறியலாம். மெல்லிய பிரெய்டு நூல் வந்தபின் தூரமும் கூடிவிட்டது. பெய்ட்காஸ்டரின் தாய்வீடான அமெரிக்காவிலேயே, பாஸ் மீன் போட்டிக்காரர்கள் படகில் முன்னோக்கிப் பார்க்கும் சோனாரை மாட்டிக்கொண்ட பிறகு, மெல்லிய நூலும் சின்ன லூருமாக ஸ்பின்னிங் பக்கம் நகர்ந்திருக்கிறார்கள்.

அதற்காகப் பெய்ட்காஸ்டர் செத்துவிட்டது என்று நான் சொல்ல மாட்டேன். குட்டநாட்டிலும் திருச்சூர் கோல் வயல்களிலும் போய்ப் பாருங்கள். ஆகாயத்தாமரைக்கும் தாமரை இலைக்கும் நடுவே ரப்பர் தவளையைப் போட்டு விரால் பிடிக்கிறவர்கள் அதைக் கைவிடவில்லை. தடித்த நூலோடு, இலைக்காட்டோடு சேர்த்து மீனை வாரி இழுக்க அந்த ரீலுக்குத்தான் முறுக்கு உண்டு. அங்கே போகலாமே என்று ஆசானிடம் கேட்டால், "சேத்து மீன் பிடிக்கவா இந்த ரீலு?" என்பார்.

அப்புறம், அந்த ஒரு வீச்சு. எப்போதாவது வரும். சீனவலை மாதிரி கடனே என்று எழுந்து இறங்காமல், மணிக்கட்டில் ஒரு சின்னச் சுண்டல். ஸ்பூல் முனகக்கூட முனகாது. கட்டைவிரல் கடைசி நொடியில் படிய, கட்டிக் கிடக்கிற படகின் அணியத்துக்கும் மரக்குற்றிக்கும் நடுவே ஒரு சாண் நிழலில், தண்ணீர் தெறிக்காமல் லூர் இறங்கும். காளாஞ்சி கிடக்கிற இடம் அதுதான். என் ஸ்பின்னிங்கில் அந்த இடத்துக்குக் குறிவைத்தால் படகில் படும், இல்லாவிட்டால் படகுக்காரர் மேல் படும். ஆசான் அந்த வீச்சை யாராவது பார்த்தார்களா என்று சுற்றும் முற்றும் பார்ப்பார். பார்த்துக்கொண்டிருப்பேன். மறுபடி அதே இடத்துக்கு வீசுவார். 'டர்ர்ர்.'

இதுவரை சொன்னதெல்லாம் பொறுத்துப் போகலாம். இரண்டு விஷயம் பொறுக்க முடியவில்லை.

ஒன்று, புதுப் பையன்களைக் கெடுப்பது. சாப்பாடு டெலிவரி செய்து காசு சேர்த்த கல்லூரிப் பையன் ஒருவன் தூண்டில் பழக ஆசைப்பட்டு வந்தான். ஆயிரம் ரூபாய் ஸ்பின்னிங் ரீல் போதும் அவனுக்கு. ஆசான் பிடித்துக்கொண்டு, "மொதல்லயே நல்லதப் படி மக்கா" என்று சேர்த்த காசு முழுவதையும் பெய்ட்காஸ்டரில் போட வைத்தார். பையன் ஒரு மாதம் நூலை அவிழ்த்தான். ஒரு மீனும் பார்க்காமல் ரீலைப் பாதி விலைக்கு விற்றுவிட்டுப் போனவன் இந்தப் பக்கமே வரவில்லை.

இரண்டாவது, நூல். ஊசியும் தோற்றுப் போகிற சிக்கு விழும் நாட்களில் ஆசான் கத்தரியை எடுப்பார். வெட்டின நூலைப் பந்தாகச் சுருட்டிக் கல்லிடுக்கில் திணிப்பார், அல்லது தண்ணீரில் விடுவார். பிரெய்டு பாலிஎத்திலீன். மட்காது, எளிதில் அறாது. கையால் இழுத்தால் கைதான் அறும். அந்தப் பந்து காலில் சுற்றி ஒரு கொக்கு சாயங்காலம் முழுக்க ஒற்றைக் காலை இழுத்துக்கொண்டு நடந்தது. துண்டைப் போட்டு அமுக்கி, நானும் பாட்டில் பையன்களும் அதே க்ரோஷே ஊசியால்தான் அவிழ்த்தோம். விரலெல்லாம் கொத்து. ஒரு பிளாஸ்டிக் பை கொண்டுவந்து வெட்டின நூலை அதில் போட்டு வீட்டுக்கு எடுத்துப்போக ஒரு மனிதனுக்கு என்ன கஷ்டம்? பை நான் தருகிறேன் என்றேன். அன்று எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஆசான் கொக்கையும் பார்த்தார், என் கையிலிருந்த நூலையும் பார்த்தார்.

"இது நம்ம நூலு இல்ல மக்கா. ஸ்பின்னிங்காரப் பயக்க போட்டது" என்றார்.

கிளிப்பச்சை நிறம், எட்டு இழை, ஐம்பது பவுண்டு. மட்டாஞ்சேரி ஜெட்டியில் அந்த நூலைப் போடுகிறவர் அவர் ஒருவர்தான்.